ஜெய்ப்பூர் அந்தப்புரப் படங்களை எடுத்தது ஆங்கிலேயர் அல்ல

ஜெய்ப்பூர் அந்தப்புரப் பெண்களின் பழைய புகைப்படங்கள் சில, 'ஆங்கிலேய அதிகாரிகள் அரண்மனைக்குள் வலுக்கட்டாயமாகப் புகுந்து எடுத்தவை' என்ற குறிப்போடு பகிரப்படுகின்றன. இது தவறு. அவற்றை எடுத்தவர் ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் ராம் சிங். 1880-இல் இறந்த இவர், வங்காளப் புகைப்படச் சங்கத்தின் உறுப்பினரும்கூட. இவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் இன்றும் ஜெய்ப்பூர் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அவர் படமெடுத்தது சும்மா பொழுதுபோக்கும் இல்லை. அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். ராஜஸ்தான் வெயிலில் அதற்கு எவ்வளவு கைத்தேர்ச்சி வேண்டும்!

சரி, யார் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். அதே காலத்தில்தான் காலனி அரசு, 'இந்திய மக்கள்' என்ற 8 புகைப்படத் தொகுதிகளில் (1868-1875) நம் மக்களைச் சாதி, இனம் என வகை பிரித்துப் பதிப்பித்தது. ராம் சிங்கின் படங்களில் பெண்கள் வகைமாதிரிகளாக இல்லை. ஐரோப்பிய ஸ்டுடியோ பாணித் திரைச்சீலைக்கு முன்னால், தனி மனுஷிகளாக அமர்ந்திருக்கிறார்கள். தன்னையே சிவபக்தராகவும் அவர் படமெடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண்கள் மனமுவந்து அமர்ந்தார்களா என்பதைப் படங்கள் சொல்வதில்லை. எடுத்தவர் அரசர் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் கேமராவை ஆங்கிலேயர் கையில் கொடுப்பது, ஓர் இந்தியக் கலைஞரின் உழைப்பை அழிப்பதாகும். பகிர்ந்தவர்கள் தயவுசெய்து குறிப்பைத் திருத்துங்கள்.