சின்ன வெள்ளமும் வேண்டும்

அணை கட்டினால் வெள்ளம் நின்றுவிடும் என்று இன்னும் நம்புகிறவர்கள், இலங்கையின் கிழக்கே மகாவலி ஆறு கடலோடு சேரும் மூதூர், வெருகல் பக்கம் வந்து ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 2011இன் தொடக்கத்தில் வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்ததைச் சொல்லவே வேண்டாம். பெரிய வெள்ளம் அணைகளைத் தாண்டியும் வருகிறது. குறைந்து போனது மாரிக்கு மாரி வந்து நிலத்தை நனைத்துவிட்டுப் போன சின்ன வெள்ளம்.

மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. 1976இல் பொல்கொல்லையில் மறித்துத் திருப்பினார்கள். 80களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகள். பிறகு மகாவலியின் துணையாறான அம்பன் கங்கையில் மொரகஹகந்த. மின்சாரம் கிடைத்தது, வறண்ட காணிக்குத் தண்ணீர் போனது. சரி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆற்றின் கடைக்கோடியில் என்ன ஆகும் என்ற கணக்கை யார் போட்டார்கள்?

வில்லு என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சமதரையில் ஆறு வளைந்து வரும் இடங்களில், கரையை ஒட்டிக் கிடக்கும் ஆழமில்லாத நீர்நிலை. மாரியில் ஆறு கரைபுரண்டால் வண்டலும் மீன்குஞ்சுமாக அது நிரம்பும். மாசி கழிந்து தண்ணீர் வடிய வடிய, ஓரத்தில் முளைக்கும் புல் தண்ணீரைப் பின்தொடர்ந்து உள்ளே இறங்கும். ஆடி வெயிலில் சுற்றிலும் காடு காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் பச்சை. பட்டி மாடும் யானையும் கோடையைக் கடப்பது அந்தப் புல்லை நம்பித்தான். ஆறு ஏறாத வருடங்களில் அந்த வில்லில் பற்றைதான் மண்டும். புல் கிடைக்காத யானை வயலுக்கு வராமல் வேறெங்கே போகும்?

பட்டிக்கார ஐயா ஒருவர் சொன்னார்: "முந்தி வெள்ளம் வரும், போகும் தம்பி. இப்ப வராட்டி வராது, வந்தா கூரைக்கு வருது."

இந்த வில்லுகளுக்காகவே 1984இல் வெள்ளச் சமவெளி தேசியப் பூங்காவையும், 1986இல் சோமாவதிய தேசியப் பூங்காவையும் அறிவித்தார்கள். நல்ல வேலை. ஆனால் எல்லைக்கல் காட்டைத்தான் காக்கும். தண்ணீர் வருவதும் வராததும் எங்கேயோ மலையில் வான்கதவைத் திறப்பவர் கையில் இருக்கிறது. வண்டலின் கதையும் அதுதான். நீர்த்தேக்கத்தின் அடியில் படிந்துவிட்ட மண் கொட்டியாரத்துக்கு எப்படி வந்து சேரும்?

அணையை உடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணையில் 1996இல் வேண்டுமென்றே வெள்ளம் திறந்துவிட்டார்கள், கீழே அரித்துப்போன மணல்திட்டுகளை மீட்பதற்காக. அப்படி ஒன்றை இங்கேயும் செய்யலாம். குளம் முட்டி வழியும்வரை பிடித்துவைத்து, கடைசி இரவில் எல்லாக் கதவையும் ஒன்றாகத் திறக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் ஆற்றோரச் சனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, வில்லு நிரம்பும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். எவ்வளவு, எப்போது என்று முடிவெடுக்கும் மேசையில் மூதூர் மீனவருக்கும் வெருகல் பட்டிக்காரருக்கும் ஒரு கதிரை போடுங்கள்.