சுவர் ஆடினால் ஆடட்டும்

ஞாயிற்றுக்கிழமை விவகாரத்தை மறுபடி விவரிக்கப் போவதில்லை. அந்த வீடியோவை எல்லோரும் பார்த்தாயிற்று. உங்களில் சிலர் லைக்கும் போட்டிருக்கிறீர்கள். ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் சயின்ஸ் ஃபிக்‌ஷன் டிவி தொடரின் பழைய கறுப்பு வெள்ளை எபிசோடில் சுவர் ஆடுகிற அரை நிமிடத்தை மட்டும் வெட்டி, மேலே சிரிப்புச் சத்தத்தை ஏற்றி, “இதுக்கா இவ்வளவு பில்டப்?” என்று என்னை டேக் செய்தார்கள்.

ஆமாம், சுவர் ஆடுகிறது. 1963இல் லண்டன் லைம் குரோவ் ஸ்டுடியோவில் தொடங்கிய தொடர் அது. அந்தக் காலத்தில் வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை. அதனால் மேடை நாடகம் போல ஏறக்குறைய ஒரே ஓட்டமாக நடித்து முடிப்பார்கள். வசனம் தடுமாறினாலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சுவரைப் பார்த்தீர்களே, அதன் முன்னால் நின்று அந்த உலகத்தை நம்பி நடித்த மனிதரின் முகத்தைப் பார்த்தீர்களா?

கதாநாயகனின் கால இயந்திரமான டார்டிஸ் கிளம்பும் சத்தம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிபிசியின் ஒலிக் கலைஞர் பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு வீட்டுச் சாவியால் பழைய பியானோவின் கம்பிகளைச் சுரண்டினார். ரான் கிரைனரின் தீம் இசையை டெலியா டெர்பிஷயர் சிந்தசைசர் இல்லாமல், ஒலிகளை டேப்பில் பதிந்து, துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். டெலியாவின் பெயர் அந்தத் தொடரின் திரையில் வந்தது 2013இல். அவர் இறந்து 12 வருடம் கழித்து. இதில் எது உங்களுக்குச் சிரிப்பு?

“வெள்ளைக்காரன் சீரியலுக்கு நீ ஏன் உருகுற?” என்று அடுத்து வருவீர்கள். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர், அப்போது வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் 27 வயதுப் பெண். இவர்கள் இல்லாவிட்டாலும் உருகியிருப்பேன். பிடித்ததைப் பிடித்தது என்று சொல்ல நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? கதை மெதுவாகப் போகிறது என்றால், போகட்டும்.

அந்தக் கால டேப்புகள் பலவற்றை பிபிசியே அழித்துவிட்டது. படம் போன எபிசோடுகளுக்கும் ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. காரணம், டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்கள்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரும் அப்படிப் பதிந்த பையன்தான். ஒரு நாள் ராத்திரி எனக்குப் போட்டுக் காட்டினார். தம்பியை இருமக்கூடாது என்று மிரட்டி உட்கார வைத்தாராம். தொடரின் வில்லன்களான டாலெக்குகள் கத்திக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அவர் அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். அந்த இடம் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவின் குரல் வேறெதிலும் இல்லை என்றார். போன வருஷம் அவரும் போய்விட்டார்.

சுவரைப் பற்றி இனி பேச எனக்குத் தெம்பில்லை. ஆனால் நீங்கள் அந்த எபிசோடின் ஒலியை அழித்துவிட்டுத்தான் சிரிப்பைப் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.