ஒரே குற்றம், மூன்று முடிவுகள்
விசாரணை நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், கருணை மனு என்று இத்தனை படிகளைத் தாண்டி உறுதியாகும் மரண தண்டனையில் பிழைக்கு இடமில்லை என்று கட்டுரையாளர் கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் கொல்லப்பட்ட வழக்கில், குற்றத்தில் ஒரே அளவு பங்கு வகித்த ஜீத்தா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் ஆகிய மூவருக்கும் 1975இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மூவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றத்தை அணுகினர். ஜீத்தா சிங்கின் மனு தள்ளுபடியானது, காஷ்மீரா சிங்கின் தண்டனை 1977இல் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, ஹர்பன்ஸ் சிங்கின் மனுவும், அந்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரி அதன்பின் அவர் போட்ட சீராய்வு மனுவும் தள்ளுபடியாயின. கூட்டாளிக்குத் தண்டனை குறைக்கப்பட்ட விவரம் சீராய்வு மனுவை விசாரித்த நீதிபதிகளின் கவனத்துக்குக் கொண்டுவரப்படவே இல்லை என்பதுதான் இதில் கொடுமை. 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட இருந்த நிலையில், ஹர்பன்ஸ் சிங் உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு (அடிப்படை உரிமையைக் காக்கக் கோரும் மனு) தாக்கல் செய்து, தண்டனையை நிறைவேற்றத் தடை பெற்றார். அப்படி மனுச் செய்யாத ஜீத்தா சிங் அன்றே தூக்கிலிடப்பட்டார். 1982இல் உச்ச நீதிமன்றமே இவற்றையெல்லாம் தன் தீர்ப்பில் பதிவு செய்து, ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்குமாறு குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. தாமதம்தான் சிக்கல், விரைவாக நிறைவேற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேலே கருத்திட்டுள்ள நண்பர் இந்த வழக்கைத் தயவுசெய்து எண்ணிப் பார்க்க வேண்டும்: ஹர்பன்ஸ் சிங்கின் உயிரைக் காத்தது அந்த நண்பர் குறிப்பிடும் அதே தாமதம்தான்.