"போஸ்ட்தானே, போனால் போகுது"

நேற்றிலிருந்து அந்த ஒரு கமெண்ட் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. இந்தச் சமூக வலைத்தளத்தில் நெசவு பற்றி எழுதிவந்த நம் நண்பரின் கணக்கு பூட்டப்பட்டு, எழுதியதெல்லாம் போன கதை உங்களுக்கே தெரியும். அதற்குப் போய் ஒருவர், "போஸ்ட்தானே, போனால் போகுது, மறுபடி எழுதிக்கலாம்" என்கிறார்.

எதை மறுபடி எழுதுவது? விடியற்காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுவதை, அறுந்த இழையை விரலாலேயே தேடிப் பிடித்து முடிவதை, எல்லாம் அவர் தன் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்த அம்மா இப்போது இல்லை.

எழுதியதைச் சொந்த வலைப்பதிவில் வையுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும், "பிளாக்கெல்லாம் யார் சார் படிக்கிறாங்க" என்பதுதான் பதில். ஆனால் அடுத்தவர் தளத்தை நம்ப முடியுமா? ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளம் 2014இல் மூடப்பட்டுப் போனது. கூகுள் பிளஸ் 2019இல். மரத்தடி, ராயர் காபி கிளப் என்று நம் ஆட்கள் விடிய விடிய வாதாடிய யாஹூ மின்னஞ்சல் குழுமங்கள் 2020இல்.

யார் படிக்கிறார்கள் என்று சொல்கிறேன். பிரண்டைத் துவையல் பற்றி 2009இல் எழுதினேன். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை ஒதுக்கி, ஓரத்து நாரை உரித்து, அரிப்புப் போக நன்றாக வதக்கி, புளி வைத்து அரைக்கும் எங்கள் அம்மாவின் பக்குவம். போன மாதம் கனடாவிலிருந்து ஒரு பெண் கூகுளில் தேடி வந்து, "எங்கட அப்பம்மாவும் இப்படித்தான் செய்யிறவ" என்று எழுதியிருந்தார். இங்கே போன வருடம் போட்டதைத் தேடி எடுப்பதே பெரும்பாடு.

"வலைப்பதிவு நடத்தும் பிளாகர் தளமும் கூகுளுடையதுதானே, அதையும் மூடினால்?" மூடலாம்தான். ஆனால் எழுதியது மொத்தத்தையும் இறக்கி வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பதிவுத் தளத்தில் ஏற்றிக்கொள்ளலாம். சொந்த டொமைன், அதாவது நம் பெயரில் தள முகவரி, இருந்தால் அதையும் கூடவே கொண்டுபோகலாம். சரி, "அப்போ நீ ஏன் இங்கே எழுதுகிறாய்?" நீங்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள், அதனால்தான். எழுதியதன் அசல் என் தளத்தில் இருக்கிறது.

லைக் வராது என்பது உண்மை. வாரக்கணக்கில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வலிக்கும். ஆனால் அந்தப் "போஸ்ட்தானே" அளவுக்கு வலிக்காது. தன் வீட்டுத் தொழிலை ஒருவர் கால் காசு வாங்காமல் உட்கார்ந்து தமிழில் எழுதினால் இவ்வளவுதான் மதிப்பா? இங்கிலீஷில் எழுதியிருந்தால் இப்படிச் சொல்ல வாய் வந்திருக்குமா?

அவருடைய பதிவுகளை யாராவது சேமித்து வைத்திருந்தால், ஸ்கிரீன்ஷாட்டாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். நானே தட்டச்சு செய்து அவருக்கு ஒரு தளம் போட்டுக் கொடுக்கிறேன்.