ஆள் இல்லாத ரயிலும் ரயில் இல்லாத ஆட்களும்

சிறு ஊர்களை இணைக்கும் பாசஞ்சர் ரயில்களைக் கூட்ட வேண்டும் என்று பேசினால் உடனே ஓர் எண்ணை எடுத்து நீட்டுவார்கள். "இந்தப் பாதையில் நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் ஏறுகிறார்கள், இதற்கு மேல் வண்டி எதற்கு?" அந்த எண் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல். விடியற்காலையில் ஒரு வண்டி, இருட்டிய பிறகு ஒரு வண்டி என்று விட்டுவிட்டு, நடுவில் யாரும் வரவில்லையே என்று வியக்கிறார்கள். பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டியவரும், நான்கு மணிக்கு வகுப்பு முடிகிறவரும் என்றைக்கோ வேறு வழி தேடிக்கொண்டார்கள். ரயில் நிலையத்தில் நின்று தலையை எண்ணினால் அவர்கள் எப்படிக் கணக்கில் வருவார்கள்?

இந்தக் கணக்கின் முழு விளைவையும் காட்டிய நாடு பிரிட்டன். 1963 மார்ச்சில், அன்றைய ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்டு பீச்சிங்கின் அறிக்கை வெளியானது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடலாம் என்றது. அதற்கு அடிப்படையான பயணிகள் கணக்கெடுப்பு 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் நடந்தது. கோடையில் மட்டும் நிரம்பி வழியும் கடற்கரை ஊர்களின் பாதைகளும் அந்த வாரத்தை வைத்தே எடைபோடப்பட்டன. கிளைப்பாதையில் ஏறி, சந்திப்பில் மாறி, பெரிய பாதையில் நீண்ட தூரம் போகிறவர் கொடுக்கும் பணத்தில் கிளைப்பாதையின் பங்கு என்ன என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. கிளை மூடப்பட்டதும் அவர் சந்திப்பு வரை பஸ்ஸில் வந்து ரயில் ஏறுவார் என்று நம்பினார்கள். பலர் வீட்டிலிருந்தே காரில் போய்விட்டார்கள். கிளையோடு சேர்ந்து பெரிய பாதையும் பயணிகளை இழந்தது.

அறிக்கை சொன்னதெல்லாம் தவறு என்று சொல்ல மாட்டேன். மொத்தப் பாதை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பயணிகள் போக்குவரத்தில் ஒரு சதவீதத்தைத்தான் சுமந்தது என்று அது காட்டியது. சில பாதைகளை எந்தக் காலத்திலும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால், "இந்த வண்டி ஏன் காலியாக ஓடுகிறது?" என்று கேட்காமல், "காலியாக ஓடுகிறதா?" என்று மட்டும் கேட்டார்கள்.

ரயிலின் செலவு எப்படி அமைகிறது என்று பாருங்கள். தண்டவாளம், பாலங்கள், சிக்னல், லெவல் கிராசிங், நிலையங்கள் ஆகியவற்றைப் பராமரிக்கும் செலவில் பெரும்பகுதி, இரண்டு வண்டி ஓடினாலும் பதினாறு வண்டி ஓடினாலும் அதிகம் மாறாது. கூடுதல் வண்டிக்குக் கூடுவது முக்கியமாக ஊழியர் சம்பளமும், மின்சாரமும், பெட்டிகளின் தேய்மானமும்தான். ஆகவே இருக்கிற பாதையில் வண்டியைக் குறைத்துச் சிக்கனம் பிடிப்பது பெரும்பாலும் மோசமான சிக்கனம். முழுப் பாதைக்கும் செலவழித்துவிட்டு, பயன் கிடைக்கும் இடத்தில் கையை இறுக்குகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான சோதனையும் நடந்திருக்கிறது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே, பெப்ளிங்கன் முதல் டெட்டன்ஹவுசன் வரை 17 கிலோமீட்டரில் ஷேன்புக் பாதை என்று ஒன்று உண்டு. 1966-ல் பயணிகள் சேவை நின்றுபோனது. உள்ளூர் நிர்வாகங்கள் கைகோத்து 1996 டிசம்பரில் மறுபடி தொடங்கின. நாளுக்குச் சுமார் 2,500 பேர் வருவார்கள் என்று மதிப்பிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வந்தார்கள். பின்னர் அந்தப் பாதையை மின்மயமாக்கி, ஒரு பகுதியை இரட்டைப் பாதையாக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு ரயிலே இல்லாத இடத்துக்கு இத்தனை பேரும் புதிதாகக் குடிவந்துவிடவில்லை.

சுவிட்சர்லாந்துக்காரர்களிடம் நான் மதிப்பது அவர்களுடைய மலை ரயில்களை அல்ல, கால அட்டவணையை. 1982-ல் நாடு முழுவதும் ஒரே ஒழுங்கில், ஒவ்வொரு மணி நேரமும் அதே நிமிடத்தில் வண்டி புறப்படும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1987-ல் மக்கள் வாக்கெடுப்பில் 'ரயில் 2000' திட்டம் ஒப்புதல் பெற்றது. பெரிய சந்திப்புகளுக்கு எல்லாத் திசை வண்டிகளும் முழு மணிக்குச் சற்று முன் வந்து சேர வேண்டும், சற்றுப் பின் கிளம்ப வேண்டும் என்று முதலில் அட்டவணையை முடிவு செய்தார்கள். அதற்கு எங்கே புதுப்பாதை தேவையோ அங்கே மட்டும் போட்டார்கள். சூரிச்சுக்கும் பெர்னுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டியிருந்ததால் 45 கிலோமீட்டர் புதுப்பாதை, 2004-ல் திறந்தது. அதை ஐம்பது நிமிடமாக்க அவர்கள் பணத்தைக் கொட்டவில்லை. இணைப்பு வண்டி நிற்காத சந்திப்புக்கு முன்கூட்டியே போய் என்ன செய்வது?

மற்ற இடங்களில் பணம் தலைகீழாக ஓடுகிறது. அதிவேக ரயிலுக்குக் கொடியசைக்க அமைச்சர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டிக்கு அட்டவணையில் ஒரு நாற்பது நிமிடம் கூட்டி எழுதி, பக்கத்து லூப் லைனில் ஒதுக்கி நிறுத்தி, வேகமானதை முன்னே அனுப்புகிறார்கள். பாசஞ்சர் தாமதமாகிறது, ஆள் குறைகிறது, அடுத்த ஆண்டு அதே குறைவு நிறுத்துவதற்குக் காரணமாகிறது.

கூட்ட வேண்டும் என்றால் எல்லா இடத்திலும் இரட்டைப் பாதை வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. ஒற்றைப் பாதையில், எதிரெதிர் வண்டிகள் விலகிக்கொள்ளும் இரண்டு நிலையங்களுக்கு நடுவே 20 கிலோமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் சராசரி என்றாலும் கடக்க இருபது நிமிடம். போகவர நாற்பது, சிக்னலுக்கும் பாதை மாற்றுவதற்கும் சில நிமிடங்கள். ஆக, இரு திசையிலும் மாறி மாறி ஓடினால் முக்கால் மணிக்கு ஒன்றுக்கு மேல் முடியாது. சரக்கு வண்டியும் வந்தால் இன்னும் குறையும். நடுவில் ஒரு கிராசிங் நிலையம் கட்டினால் இந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகும். ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை மீண்டும் போட்ட பாதையில் இரட்டைப் பாதைப் பகுதிகளைச் செலவு கருதிக் குறைத்தார்கள். ஒரு வண்டி தாமதமானால் எதிர் வண்டியும் தாமதமாகும் தொல்லையை அங்கே இன்றும் அனுபவிக்கிறார்கள்.

பஸ் போதாதா என்று கேட்பவர்களுக்கு: மக்கள் மிகவும் சிதறி வாழும் இடங்களில் பஸ்தான் சரி, அங்கே ரயில் கேட்டு நான் சண்டை போட மாட்டேன். மற்ற இடங்களில் ரயிலின் நேரத்துக்கு நிலைய வாசலில் வந்து நிற்கும் பஸ் வேண்டும். ரயிலோடு போட்டி போட்டுக்கொண்டு அதே வழித்தடத்தில் ஓடும் பஸ்ஸால் இரண்டுமே நட்டப்படும். கார் ஓட்ட வயதாகாத பிள்ளைகள், ஓட்ட முடியாத முதியவர்கள், வாங்க வசதியில்லாதவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். சாலை போடும்போது அவர்களைப் பற்றி யாரும் லாப நட்டம் கேட்பதில்லை.

இவ்வளவுக்கும் இன்று பணமில்லை என்று அரசு சொல்லலாம். சரி, அப்படியானால் குறைந்தபட்சம் மூடிய பாதையின் நிலத்தை விற்காதீர்கள். எடின்பரோவின் அந்தப் பாதை 1969 ஜனவரியில் மூடப்பட்டது, 2015 செப்டம்பரில் திறந்தது. நடுவில் அதன் குறுக்கே புறவழிச்சாலை வந்திருந்ததால், சாலைக்கு அடியில் புதிதாக வழி அமைத்துத்தான் ரயிலை விட முடிந்தது. தெற்கே கார்லைல் வரை போய்க்கொண்டிருந்த மீதிப் பாதை இன்னும் வரவில்லை. தண்டவாளத்தைக் கழற்றினாலும் நிலத்தை ஒரே துண்டாக வைத்திருக்க வேண்டும், குறுக்கே கட்டடம் எழுப்ப அனுமதி தரக்கூடாது என்று ஓர் உத்தரவு போட எந்த அரசுக்கும் பெரிய பணம் தேவைப்படாது.