அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

எந்த வீடியோ என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாளாக எல்லோர் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. ஒரு அறிவியல் ஆசிரியை வகுப்பில் நின்று, "பூமி சூரியனுக்குப் பக்கத்துல வரும்போது கோடைக்காலம், தள்ளிப் போகும்போது குளிர்காலம்" என்கிறார். மொத்தமே நாற்பது வினாடி. பின்பெஞ்சிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே வந்து விழுந்த சிரிப்பையும் வசவையும் நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். படித்திருக்கக் கூடாது. தூக்கம் போனதுதான் மிச்சம்.

என் நட்பு வட்டத்தில் இருக்கும் பதினொரு பேர் அதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். இரண்டு பேர் ஆசிரியர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் சொன்னது தப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளி இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி. வடக்கு அரைக்கோளத்தில் ஜனவரிதான் குளிர்காலம். தூரம் காரணமாக இருந்தால் அது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பது. சரி, இதெல்லாம் உங்களுக்கும் தெரியும்.

என் கேள்வி வேறு. இதைக் கற்பிப்பது எப்படி என்று அந்த ஆசிரியைக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

1987-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு நாளன்று, அங்கி போட்டு நின்றவர்களிடம் கேமராவை நீட்டி, கோடையும் குளிரும் ஏன் வருகின்றன என்று கேட்டார்கள். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றில் படித்து முடித்தவர்களில் பலர் அன்று தயங்காமல் சொன்ன பதிலும் இதேதான். பூமி பக்கத்தில் வருகிறது, தள்ளிப் போகிறது. அதைப் பார்த்த கல்வியாளர்கள் சிரித்துவிட்டுப் போகவில்லை. இவ்வளவு படித்தும் இந்த எண்ணம் ஏன் போகவில்லை என்று யோசித்தார்கள். அறிவியல் கற்பித்தலைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் அந்தக் காட்சியைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஏன் போகவில்லை என்றால், அது முட்டாள்தனமான எண்ணமே இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடுகிறது, தள்ளிப் போனால் சூடு குறைகிறது. மூன்று வயதில் கற்ற பாடம். அதற்குமேல் நம் பாடப்புத்தகப் படம் ஒன்று இருக்கிறது. பூமியின் பாதையைச் சரிவாகப் பார்ப்பதுபோல் வரைவதால் அது நீண்ட முட்டை வடிவில் தெரியும். உண்மையில் அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம். காம்பஸ் வைத்து வட்டம் போட்டுப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் பிள்ளை பார்ப்பது முட்டையை. முட்டையில் ஒரு பக்கம் கிட்டே, ஒரு பக்கம் எட்டே. தப்பான எண்ணத்தைப் புத்தகமே கையில் கொடுக்கிறது. கீழே சாய்வைப் பற்றி இரண்டு வரி இருக்கும். பிள்ளை அந்த இரண்டு வரியை மனப்பாடம் பண்ணும், படத்தை நம்பும்.

அச்சின் சாய்வால் வெயில் ஓரிடத்தில் நேராகவும் இன்னோரிடத்தில் சாய்வாகவும் விழுவதைப் புரியவைக்க, டார்ச் விளக்கை ஒரு தாளின்மேல் நேராக அடித்துக் காட்ட வேண்டும், பிறகு சாய்த்து அடித்துக் காட்ட வேண்டும். அதே வெளிச்சம் அகலமாகப் பரவி மங்குவதைப் பிள்ளைகள் பென்சிலால் சுற்றி வரைய வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்து, சாய்ந்த குச்சி, நடுவில் விளக்கு. இரண்டு பீரியட் ஆகும். இதை ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் எனக்கு யாரும் செய்து காட்டவில்லை. பாடக்குறிப்பை எத்தனை கட்டத்தில் எழுத வேண்டும், நோக்கங்களை எந்த வினைச்சொல்லில் முடிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுத்தார்கள். அதில் எனக்கு முழு மதிப்பெண்.

பாடம் தெரிவது வேறு, பாடத்தைக் கற்பிக்கத் தெரிவது வேறு. லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986-லேயே இதைத் தனி அறிவு என்று பெயர் வைத்து எழுதிவிட்டார். ஹார்வர்டில் பிலிப் சாட்லரும் உடனிருந்தவர்களும் 2013-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நடுநிலை வகுப்புகளின் அறிவியல் ஆசிரியர்கள் 181 பேர். மாணவர்களுக்குக் கொடுத்த அதே வினாத்தாளை ஆசிரியர்களுக்கும் கொடுத்து, சரியான விடையோடு இன்னொன்றும் கேட்டார்கள்: உங்கள் பிள்ளைகள் எந்தத் தப்பான விடையை அதிகம் எழுதுவார்கள்? பிள்ளைகளின் மனதில் தப்பெண்ணம் ஊறிப்போன கேள்விகளில், சரியான விடை மட்டும் தெரிந்த ஆசிரியரைவிடத் தப்பான விடையையும் முன்கூட்டிச் சொன்ன ஆசிரியரின் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். அதாவது, பிள்ளை எங்கே வழுக்கும் என்று தெரிந்திருப்பதும் ஆசிரியரின் படிப்பில் ஒரு பாதி. அந்தப் பாதியை எங்களுக்கு யார் கொடுத்தார்கள்?

என் கதையைச் சொல்கிறேன். நான் வேதியியல் படித்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே எட்டாம் வகுப்புக்கு மின்சாரம் நடத்தச் சொன்னார்கள். அறிவியல் ஆசிரியர் என்றால் இயற்பியலும் உயிரியலும் தானாக வந்துவிடும் என்று நினைப்பு. தொடர் இணைப்பில் இரண்டு பல்பு வரைந்து, மின்னோட்டம் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகி மீதி அடுத்த பல்புக்குப் போகிறது என்று விளக்கினேன். மறுநாள் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், வீட்ல செஞ்சு பார்த்தேன். ரெண்டு பல்பும் ஒரே மாதிரிதான் எரியுது. செலவாயிடுச்சுன்னா ரெண்டாவது மங்கலா இருக்கணும்ல?"

அவள் கேட்டதுதான் அறிவியல். நான் சொன்ன பதில்: "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு."

உட்கார்ந்தாள். அந்த வருடம் முழுக்க அவள் கை மறுபடி உயரவில்லை. இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. அவள் உட்கார்ந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்று என் வகுப்பில் யாரிடமும் செல்போன் இல்லை, அவ்வளவுதான் எனக்கும் அந்த ஆசிரியைக்கும் வித்தியாசம்.

அந்தப் பள்ளியில் ஓய்வுபெறும் வயதில் ஒரு இயற்பியல் சார் இருந்தார். அவரிடம் போய் அழாத குறையாகக் கேட்டேன். பள்ளி விட்டபிறகு என்னை லேபில் உட்காரவைத்து ஒரு பேட்டரி, ஒரே ஒரு ஒயர், ஒரு டார்ச் பல்பு கொடுத்து, "எரிய வைங்கம்மா" என்றார். எனக்கு இருபது நிமிடம் ஆனது. பல்பின் அடிமுனையும் பக்கத்து உலோகமும் இரண்டு தனித் தொடுமுனைகள் என்பதை அதுவரை நான் கையால் அறிந்ததே இல்லை. (அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பட்டதாரிகள் சிலரும் இதே சோதனையில் கேமரா முன்னால் திணறினார்கள் என்று பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.) அப்புறம் சைக்கிள் செயினை வைத்துச் சொன்னார்: செயின் முழுசாகச் சுற்றித் திரும்பி வருகிறது, வழியில் தேய்ந்து தீர்ந்துவிடுவதில்லை, ஆனால் மிதித்த ஆற்றல் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் என்னென்ன தப்பாகச் சொல்வார்கள் என்று விரல்விட்டு எண்ணினார். அடுத்த வாரம் வகுப்பில் அவை ஒவ்வொன்றாக வந்தன.

இப்படி ஆறு நாள் மாலை. இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் அறிவியல் கற்பிக்க எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். அதையும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை, அவர் மனசு வைத்தார்.

முறையான பயிற்சிகளும் போயிருக்கிறேன். மூன்று நாள், ஒரு ஹால், எண்பது பேர். திரையில் இருப்பதை ஒருவர் வாசிப்பார். காலையிலும் மாலையிலும் கையெழுத்து. மூன்று நாளில் ஒரு லென்ஸைக்கூட யாரும் கையில் எடுத்ததில்லை. நுண்ணோக்கியின் பாகங்கள் திரையில் படமாக வந்தன. நுண்ணோக்கியில் பார்க்கும் பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்காவிட்டால் காற்றுக்குமிழி மாட்டும், குமிழியின் கறுப்பு விளிம்பைப் பிள்ளைகள் செல் என்று வரைந்து கொண்டுவருவார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. நாற்பது நோட்டில் நாற்பது குமிழி பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"சம்பளம் வாங்குறாங்கல்ல, தானா படிச்சுக்க வேண்டியதுதானே?" இதை எழுதியவர்கள் எத்தனை பேர்! உங்கள் அலுவலகத்தில் புதிய மென்பொருள் வந்தால் உங்களுக்குப் பயிற்சி உண்டா இல்லையா? புதிதாகச் சேரும் மருத்துவர் மூத்தவர் பக்கத்தில் நிற்காமல் தனியாகக் கத்தியை எடுக்கிறாரா? ஆசிரியர் மட்டும் முதல் நாளே நாற்பது பிள்ளைகள் முன்னால் தனியாக நிற்க வேண்டும். தனக்குப் பழக்கமில்லாத பாடமும் நடத்த வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், மிச்ச நேரத்தில் தானே கற்றுக்கொள்ளவும் வேண்டும். நாங்கள் படிக்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்குப் படிக்கிறோம். ஆனால் தன் மனதில் இருப்பது தப்பெண்ணம் என்று தெரியாதவர் எதைத் தேடிப் படிப்பார்? அந்த ஆசிரியை சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். சந்தேகமே இல்லாமல் சொல்கிறார். அவருக்கும் ஒருவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்.

"இப்பதான் இணையத்துல எல்லாமே இருக்கே." இருக்கிறது. நானும் பயன்படுத்துகிறேன். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, கணினியிலேயே செய்து பார்க்கும் ஃபெட் (PhET) மாதிரிச்சோதனைகள் இலவசம், தமிழிலும் பல கிடைக்கின்றன. மின்சுற்றுக்கு அதைப்போல ஒன்றை நான் பார்த்ததில்லை. குப்பையில் போகும் பொருள்களில் அரவிந்த் குப்தா செய்து காட்டிய அறிவியல் பொம்மைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. விஞ்ஞானி மனு பிரகாஷின் குழுவினர் தாளை மடித்தே நுண்ணோக்கி செய்தார்கள். எளிய பொருள்களால் அறிவியல் கற்பிக்க யுனெஸ்கோ 1956-லேயே ஒரு கையேடு போட்டது. பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாதிரிச்சோதனையைத் திறந்து காட்டுவதற்கு முன்னால், "என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு, பிள்ளைகளை எழுதவைத்து, வாதம் பண்ணவிட்டு, பிறகு காட்டினால்தான் அது பாடம். இல்லாவிட்டால் அது இன்னொரு வீடியோ. இந்த வரிசையைப் பக்கத்தில் ஒருவர் நடத்திக் காட்டி, நாம் நடத்துவதை அவர் பார்த்து, இங்கே அவசரப்பட்டீர்கள் என்று சொன்னால்தான் கைக்கு வரும்.

எங்களுக்கும் ஒருமுறை ஒரு பெரிய பெட்டி வந்தது. லென்ஸ், காந்தம், சோதனைக்குழாய், எல்லாம். இருப்புப் பதிவேட்டில் ஏற்றினார்கள், அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். உடைந்தால் ஆசிரியர் பொறுப்பு என்று வாய்மொழி உத்தரவு. செய்து பழகாத ஆசிரியர், உடைந்தால் காசு கட்ட வேண்டிய பொருளைத் தொடுவாரா? அமிலத்தைத் தண்ணீரில்தான் மெதுவாக ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்று போர்டில் எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நான் போயிருக்கிறேன்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிராமப்புறப் பள்ளிகள். ஆசிரியர்களை மூன்று வாரம் கூட்டிவைத்து, பிள்ளைகள் செய்ய வேண்டிய சோதனைகளை அவர்களையே செய்யவைத்தார்கள். மாதந்தோறும் கூடி எது நடந்தது, எது சொதப்பியது என்று பேசினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு, செய்முறைத் தேர்வு. 1978-இல் மாவட்டம் முழுக்கப் போனது. 2002-இல் அரசு நிறுத்திவிட்டது. நல்லது ஒன்று முப்பது வருடம் ஓடி நின்றுபோனதற்கு இத்தனை பேர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. நாற்பது வினாடி வீடியோவுக்கு இரண்டு நாளில் இவ்வளவு கோபம்.

"அப்போ என் பிள்ளை தப்பா படிச்சா பரவாயில்லையா?" பரவாயில்லை என்று நான் எங்கே சொன்னேன்? உங்கள் கவலை நியாயம். அந்த வகுப்புக்கு யாராவது போய் அதைத் திருத்த வேண்டும். ஆனால் திருத்துவதற்கு வகுப்பை வீடியோ எடுத்து உலகத்துக்குக் காட்ட வேண்டியதில்லை.

எனக்கு உண்மையில் வலிப்பது இதுதான். "இது எனக்குத் தெரியல, நாளைக்குச் செஞ்சு பார்த்துச் சொல்றேன்" என்று வகுப்பில் சொல்ல நான் பத்து வருடம் பழகியிருக்கிறேன். முதல்முறை சொன்னபோது கை நடுங்கியது. இப்போது என் ஸ்டாஃப் ரூமில் இருக்கும் இளம் ஆசிரியைகளுக்கும் அதைப் பழக்கிக்கொண்டிருந்தேன். நேற்று அவர்களில் ஒருத்தி என்னிடம், "மேடம், இனிமே புத்தகத்துல இருக்கறதை மட்டும் வாசிச்சுட்டு வந்துடறேன். கேள்வி கேட்டாங்கன்னா பயமா இருக்கு" என்றாள். அவளுக்கு இருபத்தைந்து வயது. தாவரவியல் படித்தவள், அடுத்த வாரம் ஒளி பாடம் தொடங்க வேண்டும்.

சனிக்கிழமை அவளை லேபுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அலமாரிச் சாவியை எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டேன். லென்ஸ் உடைந்தால் நான் கட்டிக்கொள்கிறேன். வீடியோவில் இருக்கும் ஆசிரியையை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், அவர் பெயரை இங்கே போடாதீர்கள், என் உள்பெட்டிக்கு எழுதும்படி அவரிடம் சொல்லுங்கள். டார்ச், பந்து, குச்சி மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அந்த வீடியோவின் இணைப்பைக் கீழே யார் போட்டாலும் நீக்கிவிடுவேன்.