"ரேடார் வேலை செய்யல"ன்னா எப்படிப்பா?

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பசங்களோட ஃபிளைட் சிமுலேட்டர் கேம் குரூப்புல தினமும் இதே ஒரு வரி: "எஃப்-16 ரேடார் லாக் விட்டுடுச்சு, பக்." அதாவது, போர் விமானத்தோட ரேடார் புடிச்சு வெச்சிருந்த எதிரியை விட்டுடுச்சாம், அது கேம் புரோகிராம்ல தப்பாம். இதை வெச்சு டெவலப்பர் என்னத்தப்பா திருத்துவான்? எதிரி உனக்குக் குறுக்கே 90 டிகிரியில பறந்தா, அவன் டாப்ளர் (வேகத்தால ரேடார் அலையோட அதிர்வெண் மாறுற அளவு) தரையோட டாப்ளர்லயே கலந்துடும். அந்த மாற்றத்தை வெச்சு எதிரியைத் தரையில இருந்து பிரிச்சுப் பார்க்குற பல்ஸ்-டாப்ளர் ரேடார் ரெண்டையும் சேர்த்தே வடிகட்டிடும். நீ மேல இருந்து கீழ பார்த்தா இன்னும் மோசம். நிஜ விமானத்துலயும் அப்படித்தான், அது பக்கே இல்ல.

நேரா மூக்குக்கு எதிர வரும்போதும் லாக் போகுதா? அப்ப எழுது: வெர்ஷன் நம்பர், ரெண்டு பேர் உயரம், வேகம், ரேடார் எந்த நிலையில இருந்துச்சு. மாட் (கேம்ல நீயா வெளியில இருந்து சேர்த்த மாற்றம்) எல்லாத்தையும் கழட்டிட்டு, சின்ன மிஷன்ல திரும்ப வரவெச்சு, ரீப்ளே ஃபைலைச் சேர்த்து அனுப்பு. ரெண்டு மணி நேர ஃபைலை எவன் உக்காந்து பார்ப்பான்?

ஆல்டிமீட்டர் (உயரம் காட்டுற மீட்டர்) தப்புன்னு எழுதுறதுக்கு முன்னாடி அதுல காத்தழுத்தத்தைச் செட் பண்ணுப்பா. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே சுமார் 27 அடி தள்ளிக் காட்டும்.